ஒரே நாளில் கொங்கேழ் சிவத்தலங்கள்: ஒரு வேன் யாத்திரைச் சேவையின் மதிப்புரை

தேவாரப் பாடல் பெற்ற தலங்களில் கொங்கு நாட்டுக்கு உரியவை ஏழு. திருப்புக்கொளியூர் என்று பதிகங்களில் வரும் அவிநாசி, திருமுருகன்பூண்டி, திருநணா எனப்பட்ட பவானி, கொடிமாடச் செங்குன்றூர் எனப்பட்ட திருச்செங்கோடு, பாண்டிக்கொடுமுடி, கருவூர் ஆனிலை, வெஞ்சமாக்கூடல் ஆகிய இவ்வேழையும் விடியலில் தொடங்கி இரவுக்குள் தரிசித்து வீடு திரும்பிவிடலாம் என்று இப்பக்கத்து வேன்காரர்கள் விளம்பரம் செய்கின்றனர். திருப்பூரிலிருந்து புறப்படும் அத்தகைய சேவை ஒன்றில், அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் தாயாரும் சென்று வந்தோம். நடத்துபவர் ஓரிரு வண்டிகளை வைத்துத் தொழில் செய்யும் சிறிய மனிதர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

இதை வழக்கமான சுற்றுலாவாக மட்டும் எடைபோடுவது முறையாகாது. அவர்கள் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்திலேயே கடன், நோய், திருமணத் தடை, வழக்கு, பிள்ளையின்மை என்று வரிசைப்படுத்தி, இவற்றால் வருந்துவோர் ஏழு தலங்களையும் ஒரே நாளில் வணங்கினால் குறை நீங்கும் என அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே ஏறுபவர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு நெருக்கடியோடுதான் ஏறுகின்றனர். பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர் தறிக்கு வாங்கிய கடனைப் பற்றி ஓட்டுநரிடமே புலம்பிக்கொண்டு வந்தார்; மகளுக்குப் பார்க்கும் வரன் எல்லாம் தட்டிப்போகிறது என்று ஒரு தம்பதியர் என் தாயாரிடம் கூறினர்; எங்களுக்கு முன் இருக்கையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் தம் கணவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டை மஞ்சள் பையில் போட்டு, எந்தக் கோயிலிலும் வண்டியிலேயே விட்டுவிடாமல் கையோடு எடுத்துச் சென்றார். இத்தகையோரை அழைத்துச் செல்லும் சேவையிடம் கேட்க வேண்டியவை இரண்டு. வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்பது ஒன்று. போய்ச் சேர்ந்தவருக்குத் தம் குறையைக் கடவுளிடம் சொல்ல இடமும் பொழுதும் கிடைக்கின்றனவா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு இச்சேவை நல்ல மதிப்பெண் பெறுகிறது. இரண்டாவது கேள்விக்கு ஏழில் இரண்டு இடங்களில் மட்டுமே விடை சரியாக வருகிறது.

வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தலைக்கு 1,600 ரூபாய் கட்டணத்தில் மதிய உணவும் அடக்கம். முந்தைய நாள் மாலையே தொலைபேசியில் அழைத்து, எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று கூறிவிடுகிறார்கள். குளிர்சாதனம் இரைச்சலின்றி வேலை செய்தது. ஓட்டுநர் நெடுஞ்சாலையிலும் நிதானம் தவறவில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறி இறங்க ஒரு மரப்படி வைத்திருந்தார்கள். என் தாயார் அந்த மரப்படிக்கே பாதிப் பணம் கொடுக்கலாம் என்றார்.

இச்சேவையைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஓதுவார். தேவாரப் பாடசாலையில் பயின்ற இளைஞர் ஒருவரை உடன் அழைத்து வருகிறார்கள். அடுத்த தலத்தின் வரலாற்றை அவர் வண்டியிலேயே சுருக்கமாகக் கூறிவிட்டு, சந்நிதியில் அத்தலத்துப் பதிகத்திலிருந்து சில பாடல்களைப் பண்ணோடு பாடுகிறார். ஒலிபெருக்கி கிடையாது. கதையை அளவுக்கு மீறி நீட்டுவதும் கிடையாது. கேள்வி கேட்டால் மட்டும் சற்று விரிவாக விடையளிக்கிறார்.

அவிநாசியை அடைந்தபோது பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. இவ்வூர்க் கதை கொங்கு நாட்டில் பலரும் அறிந்ததே. ஒரே தெருவில் ஒரு வீட்டில் பூணூல் கலியாணத்து மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்க, சுந்தரர் காரணம் வினவுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு வீட்டுச் சிறுவர்களும் சேர்ந்து மடுவில் குளிக்கச் சென்றதாகவும், அவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டதாகவும், தப்பியவனுக்கு இன்று பூணூல் என்றும் அறிகிறார். ஆனால் சேக்கிழார் சொல்லியிருக்கும் ஒரு நுட்பத்தை எங்கள் ஓதுவார் எடுத்துக்காட்டியபோதுதான் வண்டிக்குள் பேச்சு அடங்கியது. பிள்ளையை இழந்த பெற்றோர் சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் அழுகையை விட்டு முகம் மலர வந்து வணங்குகின்றனர். மகனை இழந்தவர்கள் நீங்கள்தாமா என்று அவரே கேட்கும்போது, அது முன்பு நடந்தது, தங்களைக் காண வேண்டும் என்னும் எங்கள் நெடுநாளைய ஆசை இன்று நிறைவேறியது என்கின்றனர். அவர்கள் பிள்ளையைக் கேட்கவே இல்லை. கேட்டவர் சுந்தரர், அதுவும் இறைவனிடம், பிறர் பொருட்டு. பாடலுக்கு முதலை கரைக்கு வந்து, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளையைத் திருப்பித் தருகிறது.

இவ்வளவு அழகாகக் கதையைச் சொல்லி மனத்தை ஆயத்தப்படுத்திவிட்டு, கோயிலுக்குள் 25 நிமிடம் மட்டுமே தருவது பெருங்குறை. அவிநாசியப்பர் சந்நிதியில் பதிகம் கேட்டு முடித்து, கருணாம்பிகை சந்நிதி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே வேன் உதவியாளர் உள்ளே வந்து, "கிளம்பலாமுங்க, பூண்டிக்கு நேரமாச்சுங்க" என்று ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு அழைக்கத் தொடங்கிவிட்டார். மஞ்சள் பை அம்மையார் சந்நிதிக்கு இன்னும் நாலைந்து பேர் தள்ளி நின்றிருந்தார். "ஒரு நிமிசம் இருங்க தம்பி, ஆத்தாளைப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றவரை அவர் விட்டுவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் அதன்பின் அந்த அம்மையார் கண்ணை மூடி நின்றதை விடத் திரும்பித் திரும்பிப் பார்த்ததே அதிகம். முதலை வந்த கரையாகச் சொல்லப்படும் தாமரைக்குளத்தை வண்டியிலிருந்தே காட்டிவிட்டுப் புறப்பட்டார்கள்.

திருமுருகன்பூண்டி அவிநாசிக்கு மிக அருகில் உள்ளது. கற்சிற்பக் கூடங்கள் நிறைந்த ஊர் ஆதலால், சாலையோரம் முகம் இன்னும் செதுக்கப்படாத விநாயகர்களும் நந்திகளும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. சேரமான் பெருமாளிடம் பெற்ற பொன்னும் மணியுமாகத் திரும்பிய சுந்தரரை, சிவபெருமானே தம் பூதகணங்களை வேடர் உருவில் அனுப்பி வழிப்பறி செய்வித்த இடம் இது. உடைமை அனைத்தையும் இழந்த சுந்தரர் முருகநாதர் முன் வந்து, குத்தியும் திட்டியும் ஆடையைப் பறிக்கும் வேடர்கள் திரியும் இவ்வூரில் நீர் எதற்காகத்தான் குடியிருக்கிறீர் என்று பாட்டுக்குப் பாட்டு கடிந்துகொள்கிறார். பறிபோனவை எல்லாம் கோயில் வாயிலில் வந்து குவிகின்றன. துன்பத்தில் இருப்பவன் பணிந்துதான் கேட்க வேண்டும் என்னும் கட்டாயம் நம் மரபில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. விசைத்தறிக்காரர் இக்கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்து, "நம்மாளும் இப்படித்தானுங்க பேசறது" என்றார். மனநோய் தீர வேண்டி ஒரு மண்டலம் தங்கி இங்குள்ள தீர்த்தத்தில் நீராடி வழிபடும் வழக்கம் உள்ள கோயிலில், நாங்கள் தங்கியது அரை மணிக்கும் குறைவு. வழியிலுள்ள கூப்பிடு பிள்ளையார் கோயிலில் வண்டி நிற்கவும் இல்லை.

பவானியில் காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கூடும் கூடுதுறையில் கால் நனைக்க வாய்ப்புக் கிடைத்தது. சங்கமேஸ்வரரையும் வேதநாயகி அம்மனையும் தரிசித்தபின், கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த வில்லியம் கேரோ 1804-ஆம் ஆண்டு அம்மனுக்கு அளித்த தந்தக் கட்டிலின் கதையைக் கேட்டோம். இடி மழை பெய்த ஓர் இரவில் சிறுமி ஒருத்தி வந்து எழுப்பி வெளியே அழைத்து வந்ததும் அவர் தங்கியிருந்த மாளிகை இடிந்து விழுந்தது என்பர். கோயிலுக்குள் நுழைய முடியாத அவர் அம்மனைக் காண்பதற்காக மதிலில் இட்ட துளைகளையும் காட்டுவர். வேண்டிக்கொள்ளாதவருக்கும் காவல் கிடைத்த கதை என்று ஓதுவார் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். ஜமக்காளக் கடைகளுக்கென்று தனியே கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கால் மணியை அவிநாசிக்குக் கொடுத்திருக்கலாம்.

திருச்செங்கோட்டில் இச்சேவையின் சிறப்பும் குறையும் ஒருசேர வெளிப்பட்டன. சம்பந்தர் செங்குன்றூரை வணங்கி, திருநணா சென்று, மீண்டும் செங்குன்றூருக்குத் திரும்பியபோது பனிக்காலத்துக் குளிர்சுரம் அடியார்களைப் பற்றியது என்று பெரியபுராணம் கூறுகிறது. பவானியிலிருந்து செங்கோடு செல்லும் எங்கள் வழியும் அதுவாகவே அமைந்ததை ஓதுவார் சுட்டிக்காட்டினார். அப்போது பாடப்பட்டதே திருநீலகண்டப் பதிகம். 2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது இதைப் பாராயணம் செய்த குடும்பங்கள் கொங்கு நாட்டில் பல உண்டு. எங்கள் வீட்டிலும் மாலைதோறும் என் தாயார் படித்தார். பலமுறை படித்தவருக்கும் புதிதாகத் தோன்றுமாறு ஓதுவார் சொன்னது அப்பதிகத்தின் தொடக்கம் பற்றியது. முன்வினையின் பயன் இது என்று சொல்லிக்கொண்டு, தப்பிக்கும் வழியைத் தேடாமல் சும்மா இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று அடியார்களைக் கேட்டே சம்பந்தர் பாடத் தொடங்குகிறார். அடுத்த பாட்டில் சோலை வைப்பதும் குளம் தோண்டுவதும் வழிபாட்டோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. தலைவிதி என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காராதே, கும்பிடு, வேலையையும் பார் என்று அதைக் கொங்குத் தமிழில் அவர் பெயர்த்துச் சொன்னபோது, விசைத்தறிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். பாட்டில் வேண்டுதல் தன்மைப் பன்மையில் இருப்பதையும், நோயுற்ற அனைவரையும் சேர்த்துக்கொண்டு தீவினை எங்களைத் தீண்டாது என்று இறைவன்மேல் ஆணையிட்டுச் சொல்வதையும் அவர் விளக்கினார். அர்த்தநாரீஸ்வரர் சந்நிதியில் வியாழக்குறிஞ்சிப் பண்ணில் அவர் பாடியபோது, எங்கள் குழுவில் இல்லாத பலரும் வந்து சூழ்ந்துகொண்டனர்.

குறை என்னவெனில், வண்டி மலைப்பாதை வழியே நேரே உச்சிக்குச் சென்றுவிடுகிறது. திருச்செங்கோட்டின் வழிபாடு படிகளில்தான் தொடங்குகிறது. பாறையில் 60 அடி நீளத்துக்குச் செதுக்கப்பட்டு, மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடக்கும் நாகரும், ஒரு காலத்தில் வழக்குள்ளவர்கள் ஏறி நின்று சத்தியம் செய்த அறுபதாம்படியும் படிவழியில் உள்ளன. கடன் தகராறும் சொத்துத் தகராறும் உள்ளவர்களை வரவழைத்து, அவர்களுக்கென்றே அமைந்தாற்போன்ற அந்தப் படியைக் கண்ணிலும் காட்டாமல் திருப்பி அனுப்புவது என்ன திட்டமோ தெரியவில்லை. முதியோர் வண்டியில் செல்ல, இயன்றவர்கள் படியேறட்டும் என்று விட்டால் ஒரு மணி நேரம் கூடும், அவ்வளவே.

மதிய உணவு ஒரு தென்னந்தோப்பு நிழலில் பரிமாறப்பட்டது. சூடாக அரிசிம்பருப்புச் சாதம், மேலே ஊற்ற நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்ப் பொரியல், தயிர். குறை சொல்ல ஒன்றுமில்லை. உணவு முடிந்த கையோடு நடந்த வணிகம்தான் எனக்கு உவப்பாக இல்லை. உதவியாளர் ஒரு பெட்டியைத் திறந்து, தேங்காய், எலுமிச்சை, நெய்விளக்கு, மஞ்சள் கயிறு அடங்கிய வேண்டுதல் பை ஒன்று 350 ரூபாய் என்று ஒவ்வொருவரிடமும் நீட்டினார். கோயில் வாசல் கடைகளில் இவற்றுக்கு இவ்வளவு விலை ஆகாது. வேண்டாம் என்றவர்களிடம், இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு சாமி முன் நிற்பீர்களா என்று கேட்டதுதான் கொடுமை. திருமணத் தடைக்காக வந்த தம்பதியர் இரண்டு பைகள் வாங்கினார்கள். மஞ்சள் பை அம்மையார் சுருக்குப் பையை அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டு மீண்டும் கட்டிக்கொண்டார். என் தாயார் உதவியாளரைக் கூப்பிட்டு, "ஏங் கண்ணு, சாமி தேங்காய்க்கா காத்துக்கிட்டிருக்குது?" என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டபின் பெட்டி மூடப்பட்டது. நடத்துபவர் இதை உடனே நிறுத்த வேண்டும். கட்டணத்தை 100 ரூபாய் கூட்டிக்கொண்டாலும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

மாலையில் நடை திறக்கும் நேரத்துக்குக் கொடுமுடி வந்து சேர்ந்தோம். மதிய வெயிலில் நடை சாத்தியிருக்கும் பொழுதைப் பயணத்தில் கழித்து, திறப்பதற்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தியது திட்டமிட்டவரின் திறமை. காவிரிக் கரையில் மகுடேஸ்வரர், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் மூன்று முகத்தோடு பிரமன் என மூவரும் ஒரே வளாகத்தில் எழுந்தருளியுள்ள கோயில் இது. பழனிக்குக் காவடி எடுப்பவர்கள் இங்கிருந்து காவிரித் தீர்த்தம் கொண்டு செல்லும்போது அதில் வன்னி இலையை இட்டுச் செல்கின்றனர். இவற்றையெல்லாம் ஓதுவார் இரண்டு நிமிடங்களில் சொல்லி முடித்துவிட்டு, சுந்தரரின் நமச்சிவாயப் பதிகத்துக்கு வந்தார்.

ஏழாம் திருமுறையில் இப்பதிகம் 48-ஆவது. காலையில் பூண்டியில் கேட்ட கடிந்துகொள்ளும் பதிகம் 49-ஆவது. இரண்டுக்கும் பண் பழம்பஞ்சுரமே. ஒரே பண்ணில், அடுத்தடுத்த பதிகங்களில், அங்கே உரிமையோடு சண்டையிடும் அதே சுந்தரர் இங்கே எதையும் கேட்பதில்லை. வேறு பற்று எனக்கில்லை, நான் உன்னை மறந்தாலும் என் நாக்கு உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்கிறார். மனம் கலங்கிப் போனவருக்குப் பிரார்த்தனை செய்ய வார்த்தை வராது என்பதைப் பட்டவர்கள் அறிவர். வந்த காரியத்தைச் சொல்லவும் தெரியாமல் சந்நிதியில் விழித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவோருக்கு இப்பதிகம் பெரிய ஆறுதல். மனம் மறந்தாலும் நாக்குப் பழகியிருந்தால் போதும் என்கிறது. மற்ற கோயில்களில் ஓரிரு பாடல்களோடு நிறுத்திய ஓதுவார் இங்கே பதிகம் முழுவதையும் பாடினார். உதவியாளரும் அழைக்க வரவில்லை. மஞ்சள் பை அம்மையார் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஐந்தெழுத்தை மட்டும் சேர்ந்து சொன்னார். கடைசிப் பாட்டுக்குப் பிறகும் சற்று நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். செங்கோடும் கொடுமுடியும் இல்லையெனில் இம்மதிப்புரையை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

கருவூர் ஆனிலையில் கூட்டம் மிகுதியாக இருந்தது. பசுபதீஸ்வரரைத் தள்ளி நின்றே கண்டோம். வழிபாட்டுக்கு எடுத்துச் சென்ற பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிதறியபோது, முதுமையால் துரத்த முடியாமல் சிவகாமியாண்டார் தரையில் விழுந்து சிவனைக் கூவி அழைக்க, மழுவோடு ஓடிவந்தவர் எறிபத்த நாயனார். நவராத்திரியையொட்டி நடைபெறும் பூக்குடலை விழாவில் இது இன்றும் நடித்துக் காட்டப்படுகிறது. அன்று கூவியவருக்கு வந்த உதவி ஒரு மனிதனின் வடிவில் வந்தது என்பதை விரித்துச் சொல்ல நல்ல இடம். பொழுது சாய்ந்துவிட்டதால் ஓதுவார் அவசரப்படுத்தப்பட்டார்.

வெஞ்சமாக்கூடலுக்கு இருட்டிய பின்னரே சென்றோம். குடகனாற்றங்கரையில் உள்ள இக்கோயில் 1977-ஆம் ஆண்டு வெள்ளத்தில் சிதைந்து, பின்னர் மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டது. பணமுடை உள்ளவர்களுக்கு இத்தல வரலாற்றைப்போல நெருக்கமானது வேறில்லை. பொன் வேண்டி வந்த சுந்தரருக்குக் கொடுக்கக் கையில் இல்லாத விகிர்தீசுவரர், கிழவர் வேடத்தில், தம் பிள்ளைகள் இருவரையும் ஒரு கிழவியிடம் ஈடு வைத்துப் பொன் வாங்கித் தந்தார் என்பது கதை. கிழவியாக வந்தவர் அம்பிகை. நகைக்கடன் வாங்காத வீடு அரிதாகிவிட்ட இக்காலத்தில், அடகு வைத்துக் கொடுத்த கடவுளின் முன்னால் பத்து நிமிடமாவது நிற்கவிட்டிருக்க வேண்டும். அர்ச்சகர் எங்களுக்காகவே காத்திருந்ததால் கற்பூர ஆரத்தி மட்டும் கண்டு திரும்பினோம். விசைத்தறிக்காரருக்கு முகம் வாடிவிட்டது.

ஆகவே, ஏழு தலங்களையும் ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்னும் ஆவல் உள்ளவர்களும், தனியே வண்டி பிடித்துச் செல்ல வசதியற்ற முதியோரும் இச்சேவையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கனத்த மனத்தோடு இருப்பவர்களுக்கு நான் வேறு யோசனை சொல்வேன். காலையில் திருச்செங்கோட்டுப் படியேறி, மாலையில் கொடுமுடிக் கரையில் உட்கார்ந்தால் போதும். ஈரோட்டிலிருந்து இரண்டு ஊர்களுக்கும் பேருந்துகள் உள்ளன. இதே ஓதுவாரை வைத்து, இரண்டு நாளில் ஏழு தலம் என்று திட்டத்தை மாற்ற எண்ணமுண்டா என நடத்துபவரிடம் கேட்டேன். இரவு தங்கலும் சேர்ந்தால் ஆள் சேர்வதில்லை என்றார். அது நியாயமான கணக்குதான். நான்கு தலங்கள் ஒரு நாள், மூன்று தலங்கள் மற்றொரு ஞாயிறு என்று பிரித்து ஓட்டலாமே என்றதற்கு, யோசிக்கிறேனுங்க என்றார்.

முன்பதிவு செய்யும்போது ஓதுவார் அன்று உடன் வருகிறாரா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முகூர்த்த நாட்களில் அவருக்கு வேறு அழைப்புகள் இருக்கின்றனவாம். அவர் வராத நாளில் 1,600 ரூபாய் அதிகம்.